பிள்ளைக்கு நினைவிருக்காது, சரி. அம்மம்மாவுக்கு?

"ஒரு வயசுகூட ஆகேல்ல, அதுக்கு என்ன விளங்கப்போகுது? காசைக் கொண்டுபோய்க் கடலில கொட்டுறாங்கள்."

ரொறன்ரோவில் இருக்கிற ஆரோ ஒரு அக்கா, கைக்குழந்தையோடு மயாமிக்குப் போய் அங்கிருந்து கரீபியன் குரூஸ் போகப்போறம் எண்டு குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டால், ஊரிலிருந்து போகிற பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எங்கள் பட்ச்சில் பாதிப்பேருக்குக் கனடாவிலோ லண்டனிலோ சொந்தம் இருக்கு. ஆகவே இந்த வசனத்தை நாங்கள் எல்லாரும் ஒவ்வொரு வீட்டில் ஒவ்வொரு குரலில் கேட்டிருக்கிறம். சொல்லுறது பெரியம்மாவாக இருக்கும், சித்தப்பாவாக இருக்கும். வசனம் மாறாது.

இந்த வசனம் பிள்ளையைப் பற்றினதே இல்லை எண்டதுதான் எங்கட அபிப்பிராயம்.

பிள்ளைக்கு நினைவிருக்காது எண்டது உண்மைதான். ஆனால் நினைவிருக்காத வயசில் நாங்கள் பிள்ளைகளுக்குச் செய்கிறது கொஞ்சமா? நல்லூர்த் தேருக்கு அந்த வெயிலிலும் சனத்திலும் மூன்று மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போறம். காது குத்துறம். முதலாம் பிறந்தநாளுக்கு ஹோல் எடுத்து, மூண்டு அடுக்குக் கேக் வெட்டி, ட்ரோன் கமராவும் பிடிக்கிறம். பிள்ளை பாதியில் நித்திரையாகிவிடும். அப்போது ஒருத்தரும் "அதுக்கு என்ன விளங்கப்போகுது" எண்டு கேட்கிறதில்லை. அதெல்லாம் பெரியாக்களின் சந்தோசத்துக்குத்தான் எண்டு எல்லாருக்கும் தெரியும். அதில் பிழையும் இல்லை. குரூஸ் எண்டு வந்தவுடன் மட்டும் நினைவு ஒரு பிரச்சினையாகிறது. ஏனெண்டால் அங்கே சந்தோசப்படப்போகிறது பிள்ளை பெற்ற பெண். பிள்ளை பெற்று ஒரு வருசத்துக்குள் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கப்போறன் எண்டு அவள் சொல்லுறதுதான் தொண்டையில் சிக்குது. இதே நேரம் தகப்பன் சிநேகிதரோடு நாலு நாள் எங்கேயோ போய்வந்தால், "பாவம், வேலை வேலையெண்டு திரியிற பெடியன்" எண்டு முடிஞ்சுபோகும்.

சரி, உண்மையிலேயே கைக்குழந்தையோடு கப்பலில் போறது ஆபத்தா? கப்பல் கொம்பனிகள் இதில் ஓரளவு தெளிவாகத்தான் இருக்கின்றன. ரோயல் கரீபியன், கார்னிவல் போன்ற பெரிய கொம்பனிகளில் சாதாரணப் பயணத்துக்கு ஆகக்குறைந்த வயது 6 மாதம். அத்திலாந்திக்கைக் கடக்கிற மாதிரி, தொடர்ந்து பல நாள் கரையே காணாத நீண்ட பயணங்களுக்கு 12 மாதம். காரணம் விளங்கக் கஷ்டமில்லை. கப்பலில் டொக்டரும் நேர்ஸும் இருப்பினம். குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இராது. கடுமையாக ஏதும் வந்தால் அடுத்த துறைமுகம், இல்லாட்டி ஹெலிகொப்டர். ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் எண்ட கணக்கெல்லாம் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரத்தில் இருக்கு எண்ட கணக்குத்தான்.

"வாந்தியெடுக்குமே" எண்டு இன்னொரு கேள்வி. இரண்டு வயசுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கடற்பயணத் தலைசுற்று வாறது குறைவு. பெரும்பாலும் படுக்கிறது தாய் தகப்பன்தான். அதைவிடக் கவனிக்கவேண்டியது நோரோவைரஸ். கப்பல் மாதிரி அடைச்ச இடத்தில் வயிற்றோட்டம் கெதியாப் பரவும். வாசலில் வைத்திருக்கிற கை ஜெல் அந்தக் கிருமிக்கு அவ்வளவாக வேலை செய்யாது. சோப் போட்டுத் தண்ணியில் கழுவவேணும், தவழுற பிள்ளை எண்டால் கையோடு சேர்த்து விளையாட்டுச் சாமானையும். இன்னொண்டு, கனடாவில் தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் ஊசி 12 மாதத்தில்தான் போடுவினம். அதுக்கு முந்தி வெளியில் கொண்டுபோகிறதெண்டால் டொக்டரிட்டக் கேட்டுப்போட்டுப் போகவேணும்.

ஆக, ஆறேழு மாதம் கடந்த, சுகமான பிள்ளையைக் கவனமாகக் கொண்டுபோகலாம். அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. எங்களுக்குப் பிரச்சினை வேற இடத்தில்.

விளம்பரத்தில் ஒரு தாய் வெள்ளைத் தொப்பியோடு குளத்து ஓரத்தில் சாய்ந்திருப்பா, பிள்ளை பக்கத்தில் தண்ணிக்குள் இருக்கும். நிசத்தில் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வருகிற கப்பல்களில் பம்பஸ் கட்டுகிற பிள்ளை அந்தக் குளத்தில் இறங்கவே ஏலாது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கப்பல் சுகாதார விதி அது. நீச்சலுக்கெண்டு விக்கிற விசேச பம்பஸ் போட்டாலும் விடமாட்டினம். சில கப்பல்களில் மட்டும் அந்த வயசுக்கெண்டு தனியாக, தண்ணி தெறிக்கிற சின்ன இடம் ஒண்டு இருக்கும். அதைப் பார்த்துத்தான் கப்பலைத் தெரிவுசெய்யவேணும். கனபேருக்கு இது ஏறின பிறகுதான் தெரியவருகுது.

அடுத்தது கபின். பெரும்பாலான அமெரிக்கக் கப்பல்களில் கேத்தில் கொண்டுபோக ஏலாது, தீப்பிடிக்கும் எண்டு பறிச்சு வைப்பினம். பால்போத்திலுக்குச் சுடுதண்ணி வேணுமெண்டால் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போய் எடுத்துவரவேணும், இரவு இரண்டு மணியெண்டாலும். குளியலறை எண்டது ஒராள் நிண்டால் முழங்கை சுவரில் முட்டுற ஷவர் பெட்டி. காலை நீட்டி இருந்து பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிப் பழகின ஒரு அம்மம்மாவை அந்தப் பெட்டிக்குள் ஒருக்கால் கற்பனை பண்ணிப் பாருங்கோ.

அம்மம்மா எண்டு சும்மா சொல்லேல்ல. எங்கட ஆக்களின் குரூஸ் படங்களில் எப்போதும் ஒரு அம்மம்மா நிற்பா. எல்லாரும் ஒரே நிற ரீசேட். அவவுக்கும் ஒண்டு, சீலைக்கு மேல.

ஏன் அவ நிற்கிறா எண்டதுக்குக் கப்பலின் வயதுப் பட்டியலைப் பார்த்தால் போதும். ரோயல் கரீபியனில் காசில்லாத சிறுவர் கழகம் 3 வயசிலிருந்து, அதுவும் பம்பஸ் விட்ட பிள்ளைகளுக்கு. கார்னிவலில் பகல் கழகம் 2 வயசிலிருந்து. அதுக்குக் கீழே 6 மாதத்திலிருந்து 3 வயசுவரை பார்க்கிற நேர்சரி டிஸ்னி கப்பல்களில் இருக்கு, ரோயல் கரீபியனின் சில கப்பல்களிலும் இருக்கு. அது மணித்தியாலக் கணக்கில் காசு. இடமும் கொஞ்சம், முந்தியே பதிஞ்சு வைக்கவேணும். குடும்பம் கணக்குப் பார்க்கும். கனடாவின் சுப்பர் விசாவில் வந்த அம்மம்மா வீட்டில் இருக்கிறா. அந்த விசாவில் 2022 ஜூலைக்குப் பிறகு ஒரு தடவையில் 5 வருசம் வரைக்கும் நிற்கலாம். பிறகென்ன? இலங்கைப் பாஸ்போட்டோடு மயாமியில் கப்பல் ஏற அவவுக்கு அமெரிக்க விசாவும் வேணும். அதுக்கும் மினக்கெட்டு, போம் நிரப்பி, இன்ரவியூவுக்குக் கூட்டிக்கொண்டு போய் எடுத்துக்குடுக்கினம். அம்மாவில் பாசம் இல்லாமல் இவ்வளவும் செய்யமாட்டினம், அதை நாங்கள் மறுக்கேல்ல. பாசமும் இருக்கு, கணக்கும் இருக்கு.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா இப்படிப் போய்வந்தவ. ஏழு நாள். மகளுக்கும் மருமகனுக்கும் பல்கனியோடு அறை, அம்மம்மாவுக்கும் பிள்ளைக்கும் அதே தளத்தில் உள்ளறை. உள்ளறை எண்டால் யன்னலே இல்லாத அறை. லைற்றை நிப்பாட்டினால் பகலா இரவா தெரியாது. "பிள்ளை பாலுக்கு அழேக்க விடியுது எண்டு நினைக்கிறனான்" எண்டு அவ சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவ. இரவு மற்றவர்கள் ஷோ பார்க்கப் போவினம், அவ பிள்ளையோடு அறையில். துறைமுகத்தில் இறங்கேக்க பிள்ளை நித்திரை எண்டால் அவ கப்பலிலேயே நிண்டுவிடுவா. மூண்டு தீவு எண்டு திட்டம், அவ கால் வைத்தது ஒண்டில்.

அவவைப் பாவமாக்கி எழுதினால் அவவுக்கே கோபம் வரும். ஐஸ்கிறீம் நாள் முழுக்கச் சும்மா கிடைக்கும் எண்டதை ஒரு வருசமாகச் சொல்லிக்கொண்டு திரியிறா. கப்பலின் நடுவில் இருந்த லிஃப்டைப் பற்றி அரை மணித்தியாலம் கதைப்பா. அறை துப்புரவாக்க வந்த பிலிப்பீன்ஸ் பெடியனோடு, ரெண்டு பேருக்கும் பொதுவான ஒரு பாசையும் இல்லாமலே சிநேகிதமாகிவிட்டா. அவன் ஃபோனைத் திறந்து தன்ர பிள்ளையின் படத்தைக் காட்டினவனாம். பேரப்பிள்ளையின்ர வயசுதானாம். நேரில் எத்தினை நாள் பார்த்தவன் எண்டு அவ விரலை மடிச்சுக் கேட்க, அவனும் விரலைத்தான் மடிச்சவனாம்.

கப்பல் வேலைக்காரரின் ஒப்பந்தம் பொதுவாக ஆறு, ஏழு, ஒன்பது மாதம் எண்டு போகும். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி ஒராளைத் தொடர்ந்து கப்பலில் வைத்திருக்கக்கூடிய காலம் 12 மாதத்துக்குக் குறைவாக இருக்கவேணும், அவ்வளவுதான். நேர்சரியில் பிள்ளை தூக்குகிற பெண்களும் இதே கணக்கில் வீட்டைவிட்டு வந்தவர்கள். அம்மம்மாவுக்கு ஓய்வு குடுக்க நேர்சரிக்குக் காசு கட்டினால், வேறெங்கேயோ இன்னொரு அம்மம்மா அந்தப் பெண்ணின் பிள்ளையைப் பார்க்கிறா. இதுக்கு எங்களிட்ட மறுமொழி இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் எண்டு ஒண்டு இருக்கு, வேலை நேரம் எண்டு ஒண்டு இருக்கு. எங்கட அம்மம்மாமாருக்கு ரெண்டும் இல்லை.

பக்கத்தில் இன்னொரு விசயம். கடற்பயணப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையில், 24 மணித்தியாலமோ அதுக்கு மேலோ ஓடுகிற பயணிகள் கப்பலில் எத்தினை கைக்குழந்தை இருக்கோ அத்தினை குழந்தை அளவு உயிர்காப்பு அங்கி இருக்கவேணும் எண்டு விதி. ஆறு மாதப் பிள்ளையும் அங்கே ஒரு தலை. எங்கட தீவுப்பக்கத் தாய்மார் கிளினிக்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் எண்டு பச்சைப்பிள்ளையைத் துவாயில் சுத்திக்கொண்டு படகு ஏறுகிறவர்கள். நாங்கள் போய்வந்த படகுகளில் இருந்த செம்மஞ்சள் அங்கிகள் எல்லாம் பெரியாக்களின் அளவு. "இந்த வயசில என்னத்துக்குக் கடலில கொண்டுபோறாய்" எண்டு கேட்கிற ஆக்கள் அந்தத் தாய்மாருக்காக ஒருக்காலாவது வாய் திறந்ததாக எங்களுக்குத் தெரியாது.

திரும்ப குரூசுக்கு வருவம். போங்கோ எண்டுதான் நாங்கள் சொல்லுவம். ஊர் கதைக்குது எண்டு பிள்ளை பெற்ற ஒருத்தி மூண்டு வருசம் வீட்டுக்குள் இருக்கத் தேவையில்லை. ஆனால் அவளின் ஓய்வைத் தாயின் தலையில் கட்டி எடுக்கிறது ஓய்வில்லை, வேலையை ஒரு தலைமுறை மேலே தள்ளிவிடுகிறது. நேர்சரி உள்ள கப்பலாகத் தேடி, அதுக்கும் சேர்த்துக் காசு பாருங்கோ. அதுக்கு வசதியில்லை எண்டால் நாலு நாள் பயணமாகக் குறையுங்கோ. அம்மம்மாவும் வாறா எண்டால் யன்னலுள்ள அறை அவவுக்கு. இரவு முறை போடுறதெண்டால் தகப்பனின் பேர் முதலில் இருக்கட்டும், ரெண்டு மணிக்குச் சுடுதண்ணி எடுக்கப் போறதும் அவர்தான். ஒரு பெடியனுக்கு இது செய்ய ஏலாத வேலை எண்டு எங்களில் உள்ள பெடியங்களே நினைக்கேல்ல. கப்பலில் பிள்ளை தூக்கிக்கொண்டு நடக்கிற தகப்பனை ஊர்க்காரர் பார்க்கப்போறதும் இல்லை, வெக்கப்பட.

அந்த அம்மம்மாவை இந்த டிசம்பருக்கும் கேட்டிருக்கினம். பிள்ளைக்கு இப்ப ரெண்டரை வயசு, பம்பஸ் இன்னும் விடேல்ல. வாறன் எண்டுதான் சொல்லியிருக்கிறா. யன்னல் அறைக்கு எவ்வளவு கூட முடியும் எண்டு மகளிட்டக் கேட்டவவாம். பார்த்துச் சொல்லுறன் அம்மா எண்டு மகள் சொல்லி ரெண்டு கிழமை ஆகுது.