கிணற்றுக்கு ஓர் ஆறு

நீரை மொத்தமாக விற்கும் வணிகம் ஒன்று உண்டென்றால் நம்மவருட் சிலர் நகைப்பர். அரிசிக்கும் சீனிக்கும் மொத்த வியாபாரி உண்டு, நீருக்குமா என்பர். உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் ஹோசே நகரைத் தன்னகத்தே கொண்ட சான்ரா கிளாராப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 20 இலட்சம் மக்களுக்கு வேண்டிய நீரைத் திரட்டி, வீடுதோறும் விநியோகிக்கும் கம்பனிகளுக்கும் நகரசபைகளுக்கும் விற்கின்றது ஒரு பொதுத் தாபனம். விற்பது வியப்பன்று. தொலைவிலுள்ள ஆறுகளிலிருந்து பொருள் கொடுத்துக் கொணர்ந்த நீரில் ஒரு பகுதியை அது மண்ணிலே ஊற்றிவிடுகின்றதே, அதுவே யான் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

கணினித் தொழிலாற் பெயர்பெறுமுன் அப்பள்ளத்தாக்குப் பழத்தோட்டங்களின் நாடாயிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே துளைத்த குழாய்க்கிணறுகளில் நீர் தானே பொங்கி வழிந்தது. பின்னர் இறைக்கும் இயந்திரம் வந்தது, வழிந்த நீர் வற்றியது, நீர் நீங்கிய களிமண் படைகள் நெரிந்து ஒடுங்கின, நிலமே கீழிறங்கிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1969 வரையில் சான் ஹோசே நகரின் நடுப்பகுதி ஏறத்தாழ 13 அடி தாழ்ந்தது. விரிகுடாவின் ஓரத்து அல்விசோ என்னும் ஊர் கடல்மட்டத்துக்குங் கீழே போய், இன்றும் கரைக்கட்டின் மறைவிலேயே வாழ்கின்றது.

மாரிவெள்ளத்தை மலையடிவாரத்தில் மறித்துச் சிறிது சிறிதாக நிலத்துள் ஊறவிட வேண்டுமெனப் பொறியியலாளர் பிரெட் திபெற்ஸ் 1921 இல் திட்டம் வகுத்தார். அதனை நடத்தும் சபை ஒன்றை நிறுவ மக்களிடம் வாக்குக் கேட்டபோது அவர்கள் மறுத்துவிட்டனர். வரி கொடுக்க எவருக்குத்தான் விருப்பம்? 1929 இலேயே உடன்பட்டனர். 1935, 1936 ஆகிய ஆண்டுகளில் நீர்த்தேக்கங்கள் எழுந்தன. உலகப்போருக்குப் பின் குடிமக்கள் பெருகவே அவையும் போதாவாயின. 1965 இல் மாநில அரசின் கால்வாய் வழியாகவும், 1987 இல் மத்திய அரசின் திட்டம் வழியாகவும் வெளியாற்று நீர் வந்தது. ஒப்பந்தப்படி ஆண்டொன்றுக்கு முன்னையதில் 100,000 ஏக்கர் அடி. பின்னையதில் 152,500 ஏக்கர் அடி. நம் இரணைமடுக் குளம் நிரம்பினாற் கொள்ளும் நீர் ஓரிலட்சம் ஏக்கர் அடியைச் சற்றே விஞ்சும் என்பதை எண்ணினால் அதன் அளவு விளங்கும்.

வந்த நீர் இருவழியாற் கிணற்றுக்கு உதவுகின்றது. ஓடைகளின் படுகைகளிலும், இதற்கென்றே வெட்டிய நூறளவான குளங்களிலும் விடப்பட்டுச் சரளை மண்ணூடே கீழிறங்குவது ஒருவழி. மற்றையது நுட்பமானது. நீரைச் சுத்திகரித்துக் குழாய்வழியே விற்கின்றனர். வாங்கும் கம்பனி அவ்வளவுக்குத் தன் கிணற்றை இறையாது விடுகின்றது. இறையாத கிணறு ஊறிக்கொண்டிருக்கின்றது. நிலத்தில் ஒரு துளி விடாமலே நிலத்தை நிறைக்கும் உபாயம் இது. 1970 அளவில் நிலந் தாழ்வது நின்றது. நீர்மட்டம் மீண்டது, தாழ்ந்த நிலம் மீளவில்லை.

இதற்கெல்லாம் பணம்? கிணறு உடையோரும் கொடுக்க வேண்டும். தன் காணியில் தன் பணத்தில் வெட்டிய கிணறாயினும் இறைத்த அளவுக்குக் கட்டணம் உண்டு. உழவருக்கு மாத்திரம் மிகக் குறைவு. நம்மூரில் இப்படி ஒன்றைச் சொன்னால் வேலிக்கு மேலாற் சண்டை வரும். எனக்கோ அது நீதியாகவே தோன்றுகின்றது. 'என் கிணறு', 'என் ஊர்' என்னும் இரண்டிலும் ஆறாம் வேற்றுமையையே மாணாக்கர் காண்பர். ஆயின் என் கிணற்றை யான் விற்கலாம். என் ஊரை விற்றலாகாது. நிலத்தடி நீர் ஊரின் பாற்பட்டது. அயலவன் காணிக்கு அடியாக வந்து என் வாளியில் ஏறுவதை முழுவதும் எனதென்று எங்ஙனஞ் சாதிப்பேன்?

எனினும் அத்தாபனத்தை முற்றாகப் புகழ யான் ஒருப்படேன். அந்த நீர் சாக்ரமென்ரோ, சான் வாக்கீன் என்னும் ஆறுகள் கூடுங் கழிமுகத்திலிருந்து வருவது. அங்கே மீனினங்கள் அருகின; உவர் ஏறுமென்று அஞ்சிய கழிமுகத்து உழவர் நெடுங்காலம் வழக்காடி வருகின்றனர். 2014 இன் கொடிய வறட்சியில் மாநிலத் திட்டம் முதலில் ஒன்றுமில்லையெனக் கைவிரித்துப் பின்னர் ஒப்பந்தத்தின் நூற்றுக்கு 5 பங்கே கொடுத்தது. முன்னரே தெற்கே செமிற்றொபிக் என்னும் இடத்து நிலத்தடியிற் சேமித்த நீர் இருந்தது. அது வடக்கே ஏறி வராது. தெற்கே உள்ளோர் அதனை எடுத்துக்கொள்ள, அவர்க்குரிய கழிமுகத்து நீரை இவர்கள் பெறுவது ஏற்பாடு. கழிமுகமே வற்றினால் கைமாற்றுவதற்கு நீர் ஏது? இரவல் நீர் எப்பொழுதும் இன்னொருவர் வானத்தை நம்பியது. ஆகவே அவர்கள் முதலில் தம் மழையைத் தேக்கி, அதன்பின்னரே பிறர் ஆற்றை நாடிய அந்த ஒழுங்கையே யான் பெரிதாக மதிக்கின்றேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றில்லை. சுண்ணக்கல்லிற் தங்கும் மழைநீரே நம் கிணறு. இரணைமடு நீரைக் குழாயிற் கொண்டுவரும் திட்டம் எழுந்தபோது கிளிநொச்சி உழவர் எதிர்த்தனர். அவர்கள் வயல் அந்நீரை நம்பியது, எதிர்த்தது முறையே. 2024 இல் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குடிநீர்க்கு அது உதவும். கிணறு பழையபடியே கிடக்கும்.

கிணற்றை நினைந்த திட்டம் ஒன்று முன்பே இருந்தது. கனகராயனாறு இரணைமடுவை நிறைத்து மிஞ்சிய நீருடன் ஆனையிறவுக் கடனீரேரியிற் கலக்கின்றது. அங்கே அதனை மறித்து, முள்ளியான் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்குத் திருப்பி, உப்பாற்றையும் தொண்டைமானாற்றையும் நன்னீராக்கினால் அயற்கிணறுகள் உவர் நீங்கும் என்பது 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த கருத்து. கிளிநொச்சி வயலுக்குரியதில் அது கைவைக்கவில்லை. கடலுக்குப் போவதையே கேட்டது. அணைகளிற் சில கட்டப்பட்டன. இணைப்புக் கால்வாய் அக்காலத்தில் முடிவுறாது நின்றது.

நம் சுண்ணக்கல் அவர்களின் களிமண் போல் ஒடுங்காதாகலின் நமது நிலம் 13 அடி தாழாது, உவரே மேலேறும். குழாய்த் திட்டங்களுக்காக மேடைகளிற் பேசுவோர் பலர். வலிகாமத்துச் செம்மண்ணில் நாளொன்றுக்கு எத்தனை இயந்திரங்கள் எத்தனை மணிநேரம் இறைக்கின்றன என்னுங் கணக்கையேனும் முதலில் எழுதிவைக்க எந்தப் பிரதேச சபை முன்வரும்?