காக்கைக்குச் சோறு! தாய்க்கு?

பெற்றோரைத் தெய்வமென்று போற்றும் நாடாம் இது! விருதுநகர் வட்டாரத்திலே, படுக்கையிலே விழுந்துவிட்ட முதியோருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிர்நீர் ஊற்றி, இளநீரும் புகட்டிச் சாகடித்த சேதியை 2010-இல் ஏடுகள் வெளியிட்டன. தலைக்கூத்தல் என்று அதற்குப் பெயர். கொலையென்றால் சினக்கிறார்கள், ஊர் வழக்கமாம்!

வறுமையே காரணமென்பர். மறுக்கவில்லை நாம், மருத்துவர் எட்டிப்பாராத சிற்றூர்கள் உண்டு. ஆனால், கருமாதிக்குக் கடன் வாங்க நீளும் கை, மாத்திரைக்கு ஏன் மடங்குகிறது? காக்கைக்குப் படைக்கும் அந்தச் சோற்றைத்தானே தாய் உயிரோடிருக்கையிலே கேட்டாள்!

பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கும் உரிமையை 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோருக்குத் தந்தது. கோட்டாட்சியர் அலுவலகப் படியேற இயலாதவர் ஒப்பினால், அவருக்காகப் பிறர் மனுச் செய்யலாம். எழுதத் தெரிந்த இளைஞர்கள் நம் படிப்பகங்களிலே எத்தனை பேர்! தோழர்களே, இந்த வாரம் எந்தத் தெருவிலே தொடங்குவோம்?