கொடுவாவுக்கு ஒரு கோல்

தூண்டில் போடுகிறவனை வேலையற்றவன் என்று எண்ணும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றது. கரைவலை இழுப்பவரைத் தொழிலாளர் என மதிக்கும் நாம், கையிலே ஒரு கோலுடன் கடலோரத்தில் நிற்கும் பையனைக் கண்டால் "படிக்கிற வயதில் இது என்ன விளையாட்டு?" என்று கேட்டுவிடுகின்றோம். வெள்ளிக்கிழமை தவறாது மரக்கறி உண்ணும் வீட்டிலே வளர்ந்த நாம் இப்பொருளைப் பற்றி எழுதத் துணிந்தமைக்கு எம் மாணவர் ஒருவரே காரணர்.

அவர் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். "சேர், என்னிடம் உள்ள காசுக்கு ஒரு கோல்தான் வாங்கலாம். கொடுவாவுக்கும் வேண்டும், மற்ற மீனுக்கும் உதவ வேண்டும். எதை வாங்கட்டும்?" என்றார். இதை உங்கள் வாப்பாவிடமன்றோ கேட்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவின் மக்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். எருக்கலம்பிட்டியார் பலர் புத்தளப் பகுதியிலே குடியமர்ந்தனர். போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னரே மீள்குடியேற்றம் பெருமளவில் நிகழ்ந்தது. எந்த வற்றில் எந்தக் கண்டலடியில் மீன் ஒதுங்கும் என்பதைப் பாட்டனார் சொல்ல, பேரன் கேட்டறியும் வழி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அறுந்து கிடந்தது. வாப்பா வளர்ந்த கடல் வேறு, மகன் நிற்கும் கடல் வேறு. ஆகவேதான் கேள்வி எம்மிடம் வந்தது.

முதலில் மீனைத் தெரிந்துகொள்வோம். அமெரிக்கர் 'பாஸ்' என்று கொண்டாடும் பெருவாய் மீன் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் நன்னீர் மீன். நமது கொடுவாவையும் ஆங்கிலத்தில் ஆசியக் கடற் பாஸ் என்பர்; அவுஸ்திரேலியாவிலுள்ள நம்மவர் 'பரமண்டி' என்ற பெயரில் வாங்கி உண்பதும் இதனையே. குலத்தால் இரண்டும் வெவ்வேறாயினும் வேட்டையாடும் முறை ஒன்றே. வேர், கல், பாலத்தூண் போன்றவற்றின் நிழலில் பதுங்கியிருந்து, அருகே வரும் சிறு மீனையோ இறாலையோ ஒரே பாய்ச்சலில் விழுங்கும். தூண்டில் தைத்ததும் வேருக்குள்ளே திரும்பி ஓடும். அந்த முதல் ஓட்டத்தைத் தடுக்க முடியாத கோல் கொடுவாவுக்கு ஆகாது.

கைத்தூண்டில் பிடிக்கும் பெரியவர்கள் கோலே வேண்டாம் என்பார்கள். அவர்களுடைய விரல்தான் கோல். மீன் இழுக்கும்போது நூலை விட்டும் பிடித்தும் அதன் வேகத்தை வாங்கிக்கொள்ளும் வித்தை அவ்விரலிலே இருக்கின்றது. நூல் அறுத்த வடுக்களும் அதே விரலிலே இருக்கின்றன. கோல் வளைந்து அதே வேலையைச் செய்கின்றது. எனவே கோலை வாங்குகிறவன் நோக்க வேண்டியவை இரண்டு: எவ்வளவு பாரத்துக்கு வளைகின்றது, எந்த இடத்தில் வளைகின்றது. முன்னதை வலு என்போம். பெரும்பாலான கோல்களில் கைப்பிடிக்கு மேலே 'எம்' என்று பொறித்திருந்தால் நடுத்தர வலு, 'எம்.எச்.' என்றிருந்தால் அதனினும் ஒருபடி மிகுதி. நுனிப்பக்கம் வளைந்து அடிப்பக்கம் விறைத்து நிற்கும் கோல், தூண்டிலை மீனின் வாயில் விரைவில் தைக்கும். அடிவரை வளையும் கோல் மென்மையானது, மந்தமானது.

எம் தீர்ப்பு இது: 7 அடி நீளம், 'எம்.எச்.' வலு, நுனியில் வளைவது, 10 முதல் 20 இறாத்தல் நூலுக்கு என்று எழுதப்பட்டது. சிறு மீனுக்கு இது சற்று மிகை என்பது உண்மையே. ஆயினும் மிகையான கோலில் சிறு மீன் வரும். குறைவான கோலில் கொடுவா, வாயில் முள்ளோடும் பின்னே இழுபடும் நூலோடும் வேருக்குள் போய்ச் சாகும்.

இளைஞர்கள் 12 அடிக் கோலைக் கண்டு மயங்குவார்கள். தூர எறிய அது நல்லதுதான். ஆனால் நெம்புகோற் பாடத்தை நினைவுகூர வேண்டும். கோலின் அடியை இடுப்பில் ஊன்றி, ஓர் அடி மேலே கையாற் பிடித்து நிற்பதாகக் கொள்வோம். நுனியில் மீன் குறுக்கே 1 இறாத்தல் இழுத்தால், 7 அடிக் கோலைத் தாங்கும் கைக்கு 7 இறாத்தல். 12 அடிக் கோலைத் தாங்கும் கைக்கு 12 இறாத்தல். கோல் வளைவதால் கணக்குச் சற்றுக் குறையுமேயன்றி மாறாது. நீளக் கோலில் நெம்புகோல் மீனின் கையில் இருக்கின்றது! களப்பு ஓரத்திலும் ஆழமில்லாக் கடலிலும் அவ்வளவு தூரம் எறியவும் தேவையில்லை.

கரிநார்க் கோல் இலேசானது; மீன் இரையைத் தொடுவதும் கைக்குத் தெரியும். ஆனால் படகின் விளிம்பில் ஒருமுறை அடிபட்டால் பின்னொரு நாள் அதே இடத்தில் முறியும். கண்ணாடியிழைக் கோல் பாரமானது. முரட்டுக் கையையும் பொறுக்கும். இரண்டும் கலந்து செய்த கோலே முதற்கோலுக்கு ஏற்றது. கரிநாரிலே மின்சாரம் பாயும். வாடைக்கால இடிமுழக்கம் கேட்டால் கோலைக் கீழே வைத்துவிட்டு வீடு திரும்ப வேண்டும். மின்கம்பியின் கீழே அதை உயர்த்திப் பிடிக்கவும் கூடாது.

றீலில் நூற்கட்டை சுழலாது நிற்கும் வகையையே வாங்குக. பிரட்போர்டின் கம்பளி ஆலை முதலாளியான இல்லிங்வேர்த் 1905இல் இதற்கு உரிமம் பெற்றார். ஆலையில் கட்டையிலிருந்து நூல் உருவிச் செல்வதைப் பார்த்தே அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது என்பர். இதில் புதியவனுக்கும் நூல் எளிதிற் சிக்காது. 15 இறாத்தல் பின்னல் நூலைச் சுற்றி, முனையில் இரண்டு மூன்று அடிக்கு 40 இறாத்தல் தங்கூசி கட்டவேண்டும். கொடுவாவின் செவிள்மூடி கத்திபோல் அறுக்கும். றீலின் இறுக்கத்தைச் சுருள்வில் தராசில் இழுத்துப் பார்த்து, 4 அல்லது 5 இறாத்தலுக்கு நூல் ஓடும்படி திருகி வைத்தால் போதும்.

கடையில் றீலைப் பொருத்தியே கோலைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். நூல் செல்லும் வளையங்களின் உள்ளே ஒரு துண்டுப் பஞ்சைத் தேய்த்தால், இழை பிடிக்கும் இடத்தில் கீறல் உண்டு. அக்கோல் நூலைத் தின்னும். வீடு திரும்பியதும் உப்புப் போக நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும். குடிநீருக்கே அலையும் வீட்டில் ஓர் ஈரத்துணி போதும்.

இன்னொன்று. கொடுவா பெரும்பாலும் ஆணாகவே பருவமடைந்து, சில ஆண்டுகளின் பின் பெண்ணாக மாறுவது. பெரிய கொடுவாக்கள் அநேகமாக முட்டையிடும் தாய்மீன்கள். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கடலோரத்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும் 120க்கு மேற்பட்டதையும் திரும்ப விடவேண்டும் என்பது சட்டம். எம் மாணவரிடம், கோலின் அடியிலிருந்து 58இல் ஒன்றும் 120இல் ஒன்றுமாக இரண்டு வெள்ளைக் கோடு தீட்டச் சொல்லியிருக்கின்றோம். மீனைக் கோலோடு சேர்த்துப் பிடித்தால் அளவு உடனே தெரியும். அளவுநாடாவைத் தேடும் நேரத்தில் மீன் மூச்சடைந்துவிடும்.