2017-ன் சூப்பர் ஹீரோ: என் ஓட்டு லோகனுக்கு

2017-ல், அப்போது கல்லூரியில் படித்த பேரன் செமஸ்டர் லீவுக்கு வந்திருந்தான். வந்த அன்றே ஆரம்பித்துவிட்டான். "தாத்தா, இந்த வருஷம் வந்த சூப்பர் ஹீரோ படத்துல எது பெஸ்ட்? நீங்க ஒண்ணு சொல்லுங்க, நான் ஒண்ணு சொல்றேன்."

ரிட்டயர் ஆனவனுக்கு வேறு என்ன வேலை? அவன் பட்டியலில் ஆறு படங்கள். இரண்டைத் தியேட்டரிலும், மற்றதை அவன் லேப்டாப்பிலும் பார்த்து முடித்தேன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று நண்பர்கள் கேட்கலாம். சின்ன வயதில் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து மாயாஜாலப் படம் பார்த்துக் கை தட்டிய கூட்டம்தானே நாமெல்லாம்!

முதலில் கழித்துவிட வேண்டியவை. 'ஜஸ்டிஸ் லீக்' ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி இருந்தது. குடும்பத்தில் நேர்ந்த இழப்பால் ஜாக் ஸ்னைடர் பாதியில் விலக, ஜாஸ் வீடன் முடித்துக் கொடுத்த படம். சூப்பர்மேனாக நடித்தவர் வேறு படத்துக்காக வளர்த்திருந்த மீசையைக் கம்ப்யூட்டரில் மழித்திருக்கிறார்கள். பேரன் சொல்வதற்கு முன்பே மேலுதட்டில் ஏதோ கோளாறு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'கார்டியன்ஸ்' இரண்டாம் பாகத்தில் பாட்டும் வேடிக்கையும் உண்டு. வளர்த்தவனே அப்பன் என்று சொல்லும் இடம் நன்றாக இருக்கிறது. ஆனால் மறுநாள் காலை மனதில் அதிகம் தங்கவில்லை.

'தோர் ரக்னராக்' வாய்விட்டுச் சிரிக்க வைத்தது. சுத்தியலும் போய், ஒரு கண்ணும் போய், கடைசியில் நாடும் போய், மிஞ்சிய மக்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறான். சிரிப்புக்கு நடுவே நல்ல விஷயம்தான்.

'ஸ்பைடர்மேன் ஹோம்கமிங்'கில் இடிபாடுகளுக்கு அடியில் மாட்டிக்கொண்ட பையன் உதவிக்கு ஆள் கேட்டு அலறுகிறானே, அந்த இடத்தில் அவன் ஹீரோ இல்லை, வெறும் பள்ளிக்கூடப் பிள்ளை. வில்லனாக மைக்கேல் கீட்டன். 1989-ல் பேட்மேனாக வந்தவர். காரில் பையனை உட்கார வைத்து மிரட்டும் காட்சி ஒன்று போதும்.

'வொண்டர் வுமன்' எனக்கு இரண்டாம் இடம். முதல் உலகப்போர் காலம். பதுங்கு குழிக்கு அப்பால் யாரும் போக முடியாது என்று எல்லோரும் சொல்ல, அந்தப் பெண் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறி நடக்கிறாள். பாட்டி ஸ்டேண்டர் என்று பேரன் கேலி செய்தாலும், என் மனைவி முழுசாகப் பார்த்த ஒரே படம் இதுதான். இயக்கியதும் ஒரு பெண், பேட்டி ஜென்கின்ஸ்.

முதலிடம் 'லோகன்'. பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள், கதையைச் சொல்லப் போகிறேன். 2000-லிருந்து வுல்வரினாக நடித்துவந்த ஹியூ ஜாக்மேன், இதோடு போதும் என்று அப்போது விடைபெற்ற படம். காலம் 2029. உலகத்தைக் காப்பாற்றும் வேலை எதுவும் இல்லை. காயம் சட்டென்று ஆறுவதில்லை. நகம் ஒன்று முழுதாக வெளியே வர மறுக்கிறது, கையால் பிடித்து இழுக்கிறான். எழுத்தைப் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. வாடகைக் கார் ஓட்டிச் சம்பாதித்து, தொண்ணூறைத் தாண்டிய பேராசிரியர் சார்லஸை மெக்ஸிகோ எல்லைப் பக்கம் ஒளித்து வைத்துப் பராமரிக்கிறான். உலகத்திலேயே சக்தி வாய்ந்த மூளை என்று பெயரெடுத்தவருக்கு மூளையில் நோய். மாத்திரை தவறினால் வலிப்பு வரும்; சுற்றியிருப்பவர்கள் அசைய முடியாமல் உறைந்து போவார்கள். அவர் இவனைத் திட்டுகிறார். இவன் அவரிடம் எரிந்து விழுகிறான். ஆனாலும் மாத்திரை தருகிறான், பாத்ரூமுக்குக் கூட்டிப் போகிறான், தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்துகிறான்.

என் அப்பாவுக்குக் கடைசி நான்கு வருடம் நினைவு சரியில்லை. சாயங்காலம் ஆனால், சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே "நாழியாச்சு, வீட்டுக்குப் போகணும்" என்று செருப்பை மாட்டிக்கொள்வார். தெருமுனை வரை கூடவே போய், ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பக் கூட்டி வருவேன். ஒருநாள் மார்ச் மாதக் கணக்கு முடித்து வந்த அலுப்பு. "இதுதாம்ப்பா உங்க வீடு, எத்தனை தடவை சொல்றது?" என்று கத்திவிட்டேன். அவர் நடுங்கிப்போய், "கோவிச்சுக்காதீங்க சார்" என்றார். பெற்ற பிள்ளையை, சார் என்று.

லோகன் வேலைக்குப் போகும்போது பகலில் பெரியவரைப் பார்த்துக்கொள்ள காலிபன் என்று ஒருவன் இருக்கிறான். எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்தவள் என் மனைவி. ஆபீஸ் போய்விட்டு வந்து கத்திய என்னைத்தான் எல்லோரும் பொறுப்பான பிள்ளை என்றார்கள்.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. வெட்டும் குத்தும் ரத்தமும் ரொம்ப அதிகம். பதினொரு வயதுப் பெண் ஆட்களைக் கொல்வதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்கவே கூடாது. ஆனால் மற்ற ஐந்து படங்களிலும் பலம் என்பது அடிப்பது, பறப்பது, தாங்குவது. கோபம் வந்த பிறகும் மறுநாள் காலை எழுந்து அதே மாத்திரையை எடுத்துக் கொடுப்பதையும் பலமாகக் காட்டியது இந்த ஒரு படம்தான். அதனால் என் ஓட்டு இதற்கு.

பேரன் ஓட்டு ஸ்பைடர்மேனுக்கு. அவன் வயதுக்கு அதுதான் சரி. நான் காரணம் சொல்லி முடித்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு, "கொள்ளுத் தாத்தா நிஜமாவே உங்கள சார்னு கூப்பிட்டாரா?" என்றான்.

ஆமாம் என்றேன். அதுவரை வீட்டில் யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை.