ஏரி யாருடையது?

ஏரிக்கரை உடைந்தது என்று கேட்டால், முன்னாளில் கிராமத்தார் மண்வெட்டியைத் தேடினார்கள். இந்நாளில் மனு எழுதக் காகிதம் தேடுகிறார்கள். இந்த மாறுதல் எப்படி நேர்ந்தது?

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உண்டு. மழைக்கு முன்பே கரைக்கு மண் போடுவதும், வாய்க்காலில் தூர் எடுப்பதும் பாசனம் பெறுவோர் கூடிச் செய்த வேலை. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். வராதவனுக்கு ஊரார் முகத்தில் விழிப்பதே போதிய தண்டனையாயிருந்தது.

1858-ஆம் ஆண்டில் அன்னிய சர்க்கார் இவ்வழக்கத்தைச் சட்டத்தில் ஏற்றிற்று. தகுந்த காரணமின்றி வேலைக்கு வராதவன் அவ்வுழைப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு செலுத்த வேண்டும் என்று விதித்தது. தீர்வை சர்க்காருக்கு; மண்கூடை குடிகளுக்கு! சட்டம் வந்தும் குடிமராமத்து செழிக்கவில்லை. நாளடைவில் நலிந்தே போயிற்று. அண்டை வயல்காரனுக்காகக் குனிந்த முதுகு, அபராதத்துக்காகக் குனிய மறுத்ததில் வியப்பென்ன?

பழைய ஏற்பாடு குற்றமற்றது என்று நான் சாதிக்கவில்லை. ஜாதியின் பெயரால் சிலர் தலையில் மட்டும் அதிக மண் ஏறியதுண்டு. ஊர்க் கட்டுப்பாடும் சில சமயம் ஒரு சின்னச் சர்க்காராகி விடும். எல்லோரும் சமமாக உட்கார்ந்து பேசி, மனமொப்பிச் செய்தால்தான் அது கூட்டுறவு.

2017-இல் நம் மாநில அரசாங்கமே குடிமராமத்து என்ற பெயரில் பணம் ஒதுக்கி ஏரிகளைச் செப்பனிடத் தொடங்கிற்று. நல்லதுதான். ஆனால் கஜானா பணந்தான் கொடுக்கும். 'இது நம் ஏரி' என்னும் எண்ணத்தை ஊரார்தாம் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள வேண்டும்.