பல் டாக்டருக்கு எதுக்குத் தனி சர்ட்டிபிகேட்?

சொத்தைப் பல்லுக்கு 'வெள்ளி' அடைத்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். வெள்ளி என்பது பேருக்குத்தான். அதில் ஏறக்குறைய பாதி பாதரசம்! மீதிதான் வெள்ளி, வெள்ளீயம், செம்பு.

இந்தப் பாதரசத்தை வைத்தே ஒரு வைத்தியம் வளர்ந்திருக்கிறது. 'முழு உடல் பல் மருத்துவம்' என்கிறார்கள். 'உயிரியல் பல் மருத்துவம்' என்றும் பெயர். பல்லை மட்டும் பார்க்காதே, ஆளையே பார் என்பது கொள்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரருக்கு ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது. இதை எந்தப் பல் டாக்டரும் ஒப்புக்கொள்வார்.

தகராறு பயிற்சியில்தான். அமெரிக்காவில் 1984ல் தொடங்கிய ஒரு சங்கம் பல் டாக்டர்களுக்கு வகுப்பு நடத்தி சான்றிதழ் கொடுக்கிறது. பாதரச அடைப்பைப் பத்திரமாகப் பெயர்த்தெடுப்பதுதான் முக்கியப் பாடம்.

இந்தப் பாடத்தில் சத்து உண்டு. பழைய அடைப்பை டிரில் போட்டு இழைத்தால் பாதரச ஆவி கிளம்பும். பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்க வேண்டும். பொடியாக்காமல் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். பக்கத்திலேயே வேகமாக உறிஞ்சும் குழாய் இருக்க வேண்டும். நோயாளி கொஞ்ச நேரம் வாயைத் திறந்து மூடிவிட்டுப் போய்விடுவார். நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிற உதவிப் பெண்? காலையும் மாலையும், வருஷக் கணக்கில், அவருக்கு அதே காற்றுதான்!

ஆனால் அதே பையில் வேறு சரக்கும் இருக்கிறது. "அடைப்பை எல்லாம் எடுத்துவிடு, மூட்டு வலி போகும். வேர் சிகிச்சை செய்த பல்லைப் பிடுங்கு, இதயம் பிழைக்கும்" என்கிற சரக்கு. இது புதுசும் இல்லை. வேர் சிகிச்சைப் பல்லால் உடம்பெல்லாம் நோய் பரவுகிறது என்று அமெரிக்க டாக்டர் வெஸ்டன் பிரைஸ் 1920களிலேயே சொன்னார். அந்தக் காலத்தில் எத்தனையோ பேருக்குப் பல் போனது. பின்னால் வந்த ஆராய்ச்சியில் அந்தக் கொள்கை நிற்கவில்லை. பாதரச அடைப்பு விஷம் என்று பிரசாரம் செய்த கொலராடோ டாக்டர் ஹால் ஹக்கின்சுக்கு 1996ல் லைசென்சே ரத்தானது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020ல் ஒரு யோசனை சொன்னது. கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் போன்றோருக்கு முடிந்தவரை புதிதாகப் பாதரச அடைப்பு வைக்க வேண்டாம். அதற்காக, நல்ல நிலையில் இருக்கிற பழைய அடைப்பைத் தோண்டவும் வேண்டாம். தோண்டினால்தான் ஆவி கூடும். நல்ல பல்லும் கொஞ்சம் கரையும். பர்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெயர்ப் பலகையில் நாலு எழுத்து கூடினால் பில்லும் கூடத்தானே செய்யும்! இத்தனைக்கும் இந்த வைத்தியத்துக்கு அமெரிக்காவிலேயே தனிச் சிறப்புப் பிரிவு என்ற அங்கீகாரம் கிடையாது.

பாதரச ஒழிப்புக்கான மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018ல் ஏற்றது. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜனவரி முதல் பாதரச அடைப்புக்குத் தடை. உலக நாடுகள் 2034க்குள் இதை நிறுத்துவதென்று 2025 நவம்பரில் ஜெனீவாவில் முடிவாகியிருக்கிறது. சரி, புது அடைப்பு நின்றுவிடும். பழசு வாயில் இருக்குமே! அது உடைந்தால் எடுக்கப்போவது சர்ட்டிபிகேட் டாக்டர் அல்ல, தெருமுனை டாக்டர்.

ஆகவே ரப்பர் திரையும் உறிஞ்சும் குழாயும் காசு கட்டிப் படிக்கிற தனி வித்தையாக இருக்கக் கூடாது. எல்லாப் பல் மருத்துவக் கல்லூரியிலும் செய்து காட்டி மார்க் வாங்க வேண்டிய பாடமாக வேண்டும். உதவியாளர்களுக்கும் சேர்த்துத்தான். பல்லைப் பிடுங்குகிற பாடத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. நோயாளி கொப்பளித்துத் துப்புகிற பாதரசத் துகள் எங்கே போகிறது? அமெரிக்காவில் 2020 ஜூலையிலிருந்து, இந்த அடைப்பை வைக்கிற, எடுக்கிற டாக்டர்கள் துகளைப் பிரிக்கும் கருவியை மாட்டியாக வேண்டும். இங்கே கிளினிக் கிளினிக்காகப் போய் அந்தக் கருவி இருக்கிறதா என்று பார்ப்பது யார்? சுகாதாரத் துறையா, மாசு கட்டுப்பாட்டு வாரியமா?