எந்த விலாசம் கொடுப்பது?

வருமான வரிக் கணக்கில் ஒவ்வொரு ரூபாயையும் சரிபார்க்கும் நம்மவர்கள், விலாசம் எழுதும் இடத்தில் மட்டும் யோசிப்பதே இல்லை. மந்திர் மார்க், கோல் மார்க்கெட் பக்கத்து அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்து ஓய்வு பெற்றவர்களை மனத்தில் வைத்தே சொல்கிறேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து மயூர் விஹாருக்கோ நொய்டாவுக்கோ போய்விடுகிறோம். பான் பதிவில் பழைய விலாசமே நீடிக்கிறது. சிலரோ ஊர்ப்பாசத்தால், பூட்டிக் கிடக்கும் கும்பகோணத்து வீட்டைக் கொடுக்கிறார்கள்.

"கணக்கில் புது விலாசம் எழுதிவிட்டேனே, போதாதா?" என்பவர்கள் ஒரு வழக்கை அறிய வேண்டும். ஐ-வென் இன்டராக்டிவ் என்ற நிறுவனத்துக்கு 2007 அக்டோபரில் வரித்துறை அனுப்பிய நோட்டீஸ், பான் பதிவில் இருந்த பழைய விலாசத்துக்குப் போயிற்று. தமக்குக் கிடைக்கவில்லை என்றது நிறுவனம். பம்பாய் உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் 2019 அக்டோபர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விலாசம் மாறியதைத் தனியே தெரிவிக்க வேண்டும், பான் பதிவையும் திருத்த வேண்டும். கணக்கில் எழுதினால் மட்டும் போதாது என்பது தீர்ப்பின் சாரம்.

கையிலுள்ள கணக்கைப் பார்த்துத் துறை அனுப்பக் கூடாதா என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும் ரயில்வேயில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: வேகன் லேபிளில் எந்த ஸ்டேஷன் பெயர் இருக்கிறதோ, அங்கேதான் வேகன் போகும். சரக்குக்காரர் மனத்தில் நினைத்த ஊருக்குப் போகாது. நோட்டீஸுக்குப் பதில் இல்லையென்றால் அதிகாரி தம் மதிப்பீட்டின்படி வரி விதிக்கலாம். மேல்முறையீட்டுக் கெடுவும் நமக்குத் தெரியாமலே கழிந்துவிடும்.

ஆகவே சொந்த வீடா, வாடகை வீடா என்று பார்க்க வேண்டாம். உறையைப் பிரித்துப் படிக்க ஆள் இருக்கும் வீட்டையே கொடுங்கள். மின்னஞ்சலும் ஒரு விலாசம்தான். ஆடிட்டருடையதையோ அமெரிக்காவில் இருக்கும் மகனுடையதையோ மட்டும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். வருவது உண்மையான கடிதமா என்ற ஐயமும் வேண்டாம். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்களுக்குத் தனி அடையாள எண் உண்டு. அதைத் துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

வீடு மாறியதும் கேஸுக்கும் வங்கிக்கும் தெரிவிக்கிறோம். அந்தப் பட்டியலில் பான் பதிவையும் சேர்த்துக்கொள்வோம். கணினி பழகாத மூத்த உறுப்பினர்களுக்கும், கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியம் பெறும் பெண்களுக்கும் நம் சங்க இளைஞர்கள் அரைமணி நேரம் ஒதுக்கி இதைச் செய்து கொடுத்தால், அதுவும் நல்ல சங்கப் பணியே.